இரண்டாம் பாதி பற்றி ஞானசேகரின் கருத்து

ஞானசேகர் புதுப் புத்தகங்களை மட்டும்தான் படிப்பார். பழையதைப் பற்றிப் பேச எல்லா ஊரிலும் நாலு பேர் இருக்கிறார்கள், போன மாதம் அச்சாகி வந்ததைப் படித்துவிட்டு மனசில் பட்டதைச் சொல்லத்தான் ஆள் கிடையாது என்பது அவர் கட்சி. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அமராவதிபுதூரில் சொந்த வீடு. பென்ஷன் வந்த வாரத்தில் கூரியர்க்காரர் வாசலில் வண்டியை நிறுத்தினாலே தெருவுக்குத் தெரியும், புத்தகம் வந்திருக்கிறது என்று.

படித்து முடித்த அன்றே ஃபேஸ்புக்கில் ஐந்தாறு வரி எழுதிவிடுவார். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடக்கிற நாவலைப் பற்றி இப்படி எழுதினார்: "இருபத்து நாலு வீடு வருகிறது. ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. இவர்களெல்லாம் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆசிரியருக்கே தெரியாது போலிருக்கிறது." ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு: "பதினொரு கதைகள். ஒன்பதில் கடைசி வரியில் மழை பெய்கிறது. நம்ம பக்கம் இவ்வளவு பெய்தால் கண்மாயாவது நிறையும்." கப்பலில் வேலை பார்க்கிறவனைப் பற்றி அறுநூறு பக்கத்தில் வந்த நாவலுக்கு: "பாதி வழியில் எனக்கே கடல் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. ஆனால் அந்தச் சமையல்காரர் வருகிற பக்கங்களுக்காக மறுபடியும் ஏறலாம்."

எழுதுகிறவர்கள் அவரிடம் கொஞ்சம் பயப்பட்டார்கள். பயந்துகொண்டே புத்தகம் அனுப்பி வைத்தார்கள்.

குழந்தை சாகிற கதை என்றால் மட்டும் அவர் அப்படியெல்லாம் எழுத மாட்டார். அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படிப்பார். பிறகு ஒரே வரி போடுவார். "இவருக்குத் தெரிந்திருக்கிறது." அல்லது, "இவருக்குத் தெரியாது." அவ்வளவுதான். ஒருமுறை ஓர் எழுத்தாளர் கோபப்பட்டு, எனக்கு என்ன தெரியாது என்று சொல்லுங்கள் என்று கீழே கேட்டிருந்தார். ஞானசேகர் பதில் போடவில்லை.

காரைக்குடியில் அவர் போகிற வாசகர் வட்டத்தில் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள். கல்லூரி ஆசிரியர்கள், பாங்கில் இருப்பவர்கள். அவர்கள் யாருக்கும் ஞானசேகருக்கு ஒரே மகள் இருந்தாள் என்பதும், பெல்சி என்று பெயர் என்பதும், பத்தாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள் என்பதும் தெரியாது. இருபது வருஷமாகிறது. அவரும் சொன்னதில்லை. அவர் படிக்க ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் முத்தரசு போன் பண்ணினான். மானகிரிக்காரன். காரைக்குடியில் பெல்சியோடு ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை, கல்யாணமாகி ஒரு பையன். முன்பு இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டிருக்கிறான். முதலாவதைப் பற்றி ஞானசேகர், "பையன் வாக்கியத்தை நன்றாக எழுதுகிறார், மனிதர்கள் வந்ததும் கை நடுங்குகிறது" என்று எழுதியிருந்தார். அதை அவன் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

"அப்பா, நாவல் ஒண்ணு வந்திருக்கு. அனுப்பிருக்கேன்," என்றான். பெல்சியின் சிநேகிதர்கள் எல்லோருமே அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அனுப்புப்பா. படிக்கிறேன்."

"அது பெல்சியப் பத்திப்பா."

ஞானசேகர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"பேரு மாத்திருக்கேன். ஊரும் மாத்திருக்கேன். மொதல்லயே ஒங்ககிட்ட கேட்டிருக்கணும். கேட்டா எழுத முடியாமப் போயிருமோன்னு பயம். படிச்சிட்டு என்ன தோணுதோ எழுதுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க."

"வரட்டும், பாப்போம்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

'ரோசலின் வாங்கிய வீடு' என்று தலைப்பு. முதல் பக்கத்தில், பெல்சிக்கு, என்று மட்டும் இருந்தது. காலையில் எடுத்தவர் மத்தியானம் சாப்பிடாமல் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார். மனைவி செபஸ்தியம்மாள் அப்போது மதுரையில் கண் ஆபரேஷனுக்காகத் தங்கை வீட்டில் இருந்தாள். வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார்.

ரோசலின் பெல்சிதான். இடது கையால் எழுதினாள். பேனா மூடியைக் கடித்துக் கடித்து நசுக்கினாள். கிறிஸ்மஸ் பாட்டுக் குழுவில் எல்லோரையும்விடச் சத்தமாகவும் எல்லோரையும்விடத் தப்பாகவும் பாடினாள். அவருக்குத் தெரியாததும் அதில் இருந்தது. ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் ஒரு சாயங்காலம் முழுக்க ரயில் பார்த்திருக்கிறாள். கணக்கில் மார்க் குறைந்தால் அப்பாவிடம் காட்டப் பயந்து வகுப்பிலேயே அழுதிருக்கிறாள். பக்கத்து பெஞ்சுப் பையன் அதைப் பார்த்திருக்கிறான். இருபது வருஷம் வைத்திருந்து எழுதிவிட்டான்.

பிறகு காய்ச்சல் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஞானசேகர் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இதை எப்படி எழுதியிருக்கிறான் என்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தார்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ரோசலினுக்குக் காய்ச்சல் இறங்கியது. கண்ணைத் திறந்து, பசிக்குது என்றாள்.

அதற்கப்புறம் இன்னொரு நூறு பக்கம் அவள் இருந்தாள். திருச்சியில் காலேஜ் படித்தாள். வேலைக்குப் போனாள். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு தனக்குப் பிடித்தவனைக் கட்டினாள். கடன் வாங்கிக் கோயம்புத்தூரில் வீடு வாங்கினாள். கடைசி அத்தியாயத்தில் முப்பத்தைந்து வயதில், கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வருகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

ஞானசேகருக்குக் கோபம் வந்தது. அது முத்தரசு மேல் வந்ததா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாசகனாக அவருக்குத் தெளிவாக இருந்தது. முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி பொய். அதை எழுத உட்கார்ந்து போனை எடுத்தார். எடுத்தபடியே வைத்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து செபஸ்தியம்மாள் கறுப்புக் கண்ணாடியோடு மதுரையிலிருந்து வந்தாள். அங்கன்வாடியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஜெபப் புத்தகம் தவிர எதையும் படித்து அவர் பார்த்ததில்லை. வீட்டில் இத்தனை புத்தகம் இருக்கிறதே என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் அவுக பாடு," என்பாள். வந்த மறுநாளே கேட்டாள்.

"முத்தரசோட அம்மா பொன்னுத்தாயி போன் பண்ணுச்சு. அவன் நம்ம பெல்சிய வச்சுப் புத்தகம் எழுதிருக்கானாமே. வந்துருச்சா?"

"வந்திருக்கு."

"படிச்சீகளா?"

"படிச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒனக்குத்தான் கண்ணு..."

"காதுல ஆபரேஷன் பண்ணல," என்றாள். "ஒரு மாசம் கழிச்சுத்தான் கண்ணாடி எழுதித் தருவாகளாம். அதுவரைக்கும் எனக்குப் பொறுக்காது. நீங்க வாசிங்க, நான் கேக்குறேன்."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வாசித்தார். அவர் நாற்காலியில், அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு. நாற்பது வருஷக் கல்யாணத்தில் அவர் அவளுக்கு ஒரு பக்கம்கூட வாசித்துக் காட்டியதில்லை. ஆரம்பத்தில் அவருடைய குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. அவள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குறுக்கே குறுக்கே திருத்திக்கொண்டே இருந்தாள்.

"ரிப்பன் பச்சைன்னா போட்டிருக்கான்? செவப்பு."

"நாவல்ல பச்சை."

"பச்சை அந்தப் பள்ளிக்கூடத்துலயே கெடையாது. செவப்புதான்."

ரயில்வே ஸ்டேஷன் வந்தபோது சிரித்தாள். "அன்னைக்குப் பாவாடையெல்லாம் கரியா வந்தா. கேட்டதுக்கு லேப்ல ஆயிருச்சுன்னா. கழுத."

கணக்கு மார்க் வந்தது. ரோசலின் ரேங்க் கார்டை அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவிடம் நீட்டுகிறாள், அம்மா அடுப்படியில் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாள். ஞானசேகர் வாசிப்பதை நிறுத்தினார்.

"இது நெசமா?"

செபஸ்தியம்மாள் தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"நீ கையெழுத்துப் போட்டியா?"

"ரெண்டு மூணு தடவ போட்டேன்."

"எங்கிட்ட காட்டிருக்கலாம்ல."

"ஒங்ககிட்ட காட்டப் பயந்துதானே எங்கிட்ட வந்தா," என்றாள். மறுபடியும் சாய்ந்துகொண்டு, "விடுங்க. மேல வாசிங்க," என்றாள்.

காய்ச்சல் வருகிற பக்கம் வந்ததும் அவர் புத்தகத்தை மூடினார். "இதோட போதும் செபஸ்தி. இதுக்கு மேல வேணாம்."

"வாசிங்க."

"வேணாம்னு சொல்றேன்ல."

"எனக்குத் தெரியாதது அதுல என்ன இருக்கப் போகுது? நான் பக்கத்துலயே இருந்தவ. வாசிங்க."

அவர் வாசித்தார். மதுரைக்குப் போகிற கார், ஈரத் துணி, நர்சு, எல்லாம் வந்தது. செபஸ்தியம்மாள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். காய்ச்சல் இறங்கியது. ரோசலின் கண்ணைத் திறந்தாள். பசிக்குது என்றாள்.

ஞானசேகர் தலைநிமிர்ந்து பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. "அப்புறம்?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் மத்தியானத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டை நேரத்தோடு முடித்துவிடுவாள். பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து உட்காருவாள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடமிருந்து தபால் வந்த மாதிரி கேட்டாள். மாப்பிள்ளை சம்பளம் எவ்வளவு, மாமியார் எப்படி, ஹாஸ்டலில் அவளுக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா. கல்யாண விஷயத்தில் சண்டை போட்ட ரோசலின் மாதக்கணக்கில் வீட்டுக்குப் போன் பண்ணாமல் இருக்கிற இடம் வந்ததும், "எங்கிட்டகூடப் பேசாம இருப்பாளா? அப்படியெல்லாம் இருக்க மாட்டா," என்றாள். பிறகு அவளே, "இருப்பா, இருப்பா. ஒங்க ரத்தம்தானே," என்றாள்.

ஞானசேகருக்கு ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை.

"இது நாவல், செபஸ்தி. அவன் கட்டிவிட்டது."

"தெரியும். எனக்கென்ன புத்தி பெரண்டா போச்சு?" என்றாள் அவள். "கல்லறைக்கு வருசா வருசம் வெள்ளையடிக்கிறவ நான். எனக்குத் தெரியாதா? நீங்க வாசிங்க."

முடிந்ததும் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். முதலிலிருந்து வேண்டாம், பசிக்குது என்று சொன்னதிலிருந்து வாசியுங்கள் என்றாள். அவரால் அதற்கு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் இரண்டாம் முறை வாசிக்கும்போது அந்தப் பாதியின் ஓட்டைகள் எல்லாம் அவருக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தன. அவள் கேட்கக் கேட்க, அந்த ரோசலின் பெல்சியை எங்கேயோ தள்ளிக்கொண்டு போவதுபோல அவருக்குப் பட்டது.

வட்டத்தைப் பார்த்துக்கொள்கிற பூமிநாதன் போன் பண்ணினார். பஸ்ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். கடைக்கு மேலே இருக்கும் ஹாலில்தான் கூட்டம் நடக்கும். "சார், அக்டோபர் கூட்டத்துக்கு முத்தரசு நாவல் வச்சிருக்கோம். நம்ம பக்கத்துப் பையன். அவரும் வாராரு. நீங்கதான் பேசணும்."

"வேற யாரையாவது போடுங்களேன்."

"நீங்க பேசினாத்தான் சார் கூட்டம் வரும்."

ஒத்துக்கொண்டார். செபஸ்தியம்மாள், நானும் வருவேன் என்றாள். இதுவரைக்கும் ஒரு கூட்டத்துக்கும் அவள் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே அங்கே போனார்கள். வழக்கத்தைவிட நல்ல கூட்டம். செபஸ்தியம்மாள் இரண்டாவது வரிசையில் பொன்னுத்தாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். பொன்னுத்தாயி அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். முத்தரசு எழுந்து வந்து, "வாங்கம்மா," என்றான்.

ஞானசேகர் பேச எழுந்தபோது, அன்பாகப் பேசிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். முதல் பாதியைப் பற்றி மனசாரச் சொன்னார். இந்த வருஷம் தான் படித்ததில் இதற்கு இணையாக எதுவும் இல்லை என்றார். பஸ்ஸ்டாண்டில் ஒரே குச்சி ஐஸை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்கிற இடத்தை வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷமும் எந்தப் புத்தகத்துக்கும் அவர் பாதி உண்மை சொன்னதில்லை.

"ஆனா நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல ஆசிரியர் பயந்துட்டார்," என்றார். "காய்ச்சல் எறங்குது. அதுக்குப் பெறகு வர்ற ரோசலினுக்கு ஒரு பல்வலிகூட வரல. சாவுக்குப் பக்கத்துல போயிட்டு வந்த பொண்ணு, அந்த ஆஸ்பத்திரிய ஒரு தடவகூட நெனச்சுப் பாக்க மாட்டாளா? நெனைக்க மாட்டா. ஏன்னா அவ அங்கேருந்து திரும்பி வரவே இல்ல. எழுதினவருக்கு அது தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, செத்துப்போன புள்ளைக்குப் பட்டுச்சேல கட்டி நடக்க விட்டிருக்கார். அது நாவலுக்கும் நல்லதில்ல, அந்தப் புள்ளைக்கும் நல்லதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பூமிநாதன் நாவலைப் புரட்டி, யார் செத்தது என்று தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானசேகர், "அவ்வளவுதான்," என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது வரிசைப் பக்கம் அவர் பார்க்கவில்லை.

முத்தரசு பதில் சொல்ல எழுந்தான்.

"அப்பா சொன்னது சரி," என்றான். அப்பா என்றதும் கூட்டத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தச் சாவ நான் எழுதினேன். அப்படியே விட்டுறலாம்னுதான் எழுதினேன். மறுநாள் எடுத்துப் படிச்சேன். நல்லா வந்திருந்துச்சு. ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. இந்த எடத்துல படிக்கிறவங்க அழுவாங்கன்னு எனக்கே தெரிஞ்சுது. அன்னைக்கு அவ வீட்டு வாசல்ல யூனிபாரத்தோட வரிசையில நின்ன பையன் நான். அத வச்சு நான் நல்லா எழுதிட்டேன்னு சந்தோசப்பட்டேன் பாருங்க. அது எனக்கே புடிக்கல. எடுத்துட்டேன். எடுத்த பெறகு அவள எங்க விடுறதுன்னு தெரியல. நடக்க விட்டுட்டேன்."

யாரும் கேள்வி கேட்கவில்லை. டீ வந்தது. ஞானசேகர் அவனிடம் போய்த் தோளைத் தொட்டார்.

அமராவதிபுதூர் வரைக்கும் ஆட்டோவில் செபஸ்தியம்மாள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சேலையை மாற்றினாள், சோறு வைத்தாள், சாப்பிட்டார்கள். அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவள் புத்தகம் கேட்கவில்லை.

"நான் சொன்னதுல தப்பு இருக்கா?" என்று அவராகத்தான் கேட்டார்.

"தப்பில்ல. பொய்யின்னு எனக்கும்தான் தெரியும்."

"பெறகு ஏன் பேசாம இருக்க?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்த கண் சிவந்திருந்தது.

"அன்னைக்கு மதுரையில நான் கீழ மாதா படத்துக்கிட்ட உக்காந்திருந்தேன். டாக்டர் வரல, நர்சு வரல. நீங்கதான் மாடிப்படி எறங்கி வந்து சொன்னீக. வேற யாராவது சொல்லியிருந்தா தேவலன்னு இத்தன வருசமும் நெனச்சிருக்கேன். இன்னைக்கும் நீங்கதான் எந்திரிச்சுச் சொன்னீக. அம்புட்டுப் பேருக்கு முன்னால." மடியில் இருந்த கண்ணாடியை மடக்கிக்கொண்டே, "ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல. ஒங்களுக்குன்னு அமைஞ்சது அது," என்றாள்.

ஞானசேகர் எழுந்து போய்க் கண்ணுக்கு விடுகிற மருந்தை எடுத்து வந்தார். அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள். அவர் விட்ட சொட்டு கன்னத்தில் விழுந்தது. மறுபடியும் விட்டார்.

மறுநாள் காலையில், கோயம்புத்தூருக்குத் திரும்புவதற்கு முன்னால் முத்தரசு வீட்டுக்கு வந்தான். செபஸ்தியம்மாள் அவனை உட்காரவைத்து இட்லி வைத்தாள். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மேலும் இரண்டு வைத்தாள். சுவரில் மாலை போட்ட பெல்சியின் படத்தை அவன் நிமிர்ந்து பார்த்தான், பிறகு தட்டையே பார்த்துச் சாப்பிட்டான்.

"அம்மா, ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா அடுத்த பதிப்புல..."

"அதெல்லாம் ஒண்ணும் செய்யாத. இருக்குறது இருக்கட்டும்," என்றாள். சட்னியை ஊற்றிக்கொண்டே, "ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். அவளுக்குப் புள்ளைக உண்டா?" என்றாள்.

முத்தரசு விழித்தான். நாவலில் அது இல்லை. ஞானசேகரின் முகத்தைப் பார்த்தான். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்டும்மா," என்றான் கடைசியில். "ஒரு பொண்ணு."

"பேரு?"

அவன் தடுமாறினான். "பேரு இன்னும்... நான் யோசிக்கலம்மா."

"எங்க அம்மா பேரத்தான் வச்சிருப்பா," என்றார் ஞானசேகர்.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் இன்னும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சவேரியம்மாளா? அந்தப் பேரையா வச்சிருப்பா?" என்றாள் செபஸ்தியம்மாள். "எங்க அம்மா பேருதான் அவளுக்குப் புடிக்கும். ஞானப்பூ. எத்தன தடவ சொல்லிருக்கா, அம்மாச்சி பேரு நல்லாருக்குன்னு."

"அப்பத்தாகூடத்தானே படுத்துத் தூங்குவா."

"தூங்கினா? பேரு வைக்கிறதுன்னு வந்தா ஞானப்பூதான்."

"எம் பேருலயே ஞானம் இருக்கு. அதுக்காக வேணும்னா வச்சிருப்பா."

"ஆமா, ஒங்க பேர வச்சுத்தான் எல்லாம்," என்றாள் அவள். சொல்லும்போது குரல் உடைந்தது. கரண்டியைச் சட்னிக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். முத்தரசு கையில் பிட்ட இட்லியோடு அப்படியே இருந்தான். ஞானசேகர், "சாப்புடுப்பா, பஸ்ஸுக்கு நேரமாகுது," என்றார். அவருக்கும் கண் நிறைந்திருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

அந்த வாரம் பூமிநாதன் இரண்டு முறை கூப்பிட்டார். கூட்டத்தில் பேசியதை எழுதிக் கொடுத்தால் வட்டத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடலாம் என்றார். பெல்சியைப் பற்றி முத்தரசு அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். குரல் தணிந்திருந்தது. "முடியாட்டி வேணாம் சார்," என்றும் சேர்த்துக்கொண்டார். ஞானசேகர் உட்கார்ந்து எழுதினார், அழித்தார். முதல் பாதி உண்மை என்று எழுதும்போது, இரண்டாம் பாதியைக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டவள் நினைவுக்கு வந்தாள். இரண்டாம் பாதி நன்றாக இருக்கிறது என்று எழுத அவருடைய கை வரவில்லை. கடைசியில், "இந்த நாவலுக்குக் கருத்துச் சொல்ல நான் ஏற்ற வாசகன் இல்லை. மற்றவர்கள் படித்துச் சொல்லுங்கள்," என்று போட்டார். அதற்குப் பிறகு வந்த பார்சல்களைப் பிரிக்கவில்லை. மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். எல்லா வருஷமும்போல முன்கூட்டியே ஆள் வைத்துக் கல்லறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். சாயங்காலம் ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. பூ, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, பிள்ளைகள் கல்லறைகளுக்கு நடுவில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாமியார் ஜெபம் சொல்லிக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வரிசையாக வந்தார். செபஸ்தியம்மாள் புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். குனிந்து கல்லில் எழுதியிருந்ததை ஒருமுறை வாசித்தாள். பெல்சி என்று இருந்தது, பிறந்த தேதியும் இறந்த தேதியும் இருந்தது. அவளுக்குத் தெரியாத எழுத்து அதில் ஒன்றுமில்லை.

வழக்கமாக அவள் ஜெபமாலை சொல்லுவாள், மெழுகுவர்த்தி அணையாமல் பார்த்துக்கொள்ளுவாள், பக்கத்துக் கல்லறைக்காரர்களோடு பேசுவாள். அழுது பல வருஷமாகியிருந்தது. அன்றைக்கு அவள் கல்லில் கையை வைத்தவள் எழுந்திருக்கவில்லை. முதலில் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு, முதல் வருஷம் அழுததுபோல அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

ஞானசேகர் முழங்காலை மடக்கிச் சிரமப்பட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "செபஸ்தி," என்றார். "என்னம்மா இது. கண்ணு கெட்டுப்போகும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தன வருசமும் தாவணிகூடக் கட்டாத புள்ளையத்தான் நெனச்சு அழுதேன்," என்றாள். "அது போயிருச்சு, அதோட விட்டுருச்சுன்னு இருந்தேன். காலேஜு, கல்யாணம், வீடு எல்லாம் வாசிச்சுக் காட்டிட்டீக. இப்ப அந்தப் பொம்பளையும்ல இங்க வந்து படுத்திருக்கா. அந்தப் பேத்தியும் இல்ல. அம்புட்டுக்கும் சேத்து நான் எப்படி அழுது முடிப்பேன்?"

அவர் அவள் முதுகில் கையை வைத்தார். எத்தனையோ புத்தகங்களில் எத்தனையோ அப்பாக்கள் இப்படி உட்கார்ந்திருப்பதைப் படித்து, தெரியும், தெரியாது என்று தீர்ப்புச் சொன்னவர் அவர். இது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பெல்சியோடு போனதில் அவள் வாழ்ந்திருக்க வேண்டிய இருபது வருஷமும் சேர்ந்துதான் போனது என்பதை அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணாமல் இருப்பதற்காகத்தான் இத்தனை படித்தாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதையும் அவளிடம் சொல்லவில்லை.

சாமியார் அவர்கள் வரிசைக்கு வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த பெண் இரண்டு பேருக்கும் பொரிகடலை கொடுத்தாள். செபஸ்தியம்மாள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர் முதலில் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்து எழுந்து, புதுக் கண்ணாடிக்குக் கீழே தரை மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது என்று சொல்லி, ரோடு வரைக்கும் அவரை விடாமல் பிடித்துக்கொண்டே நடந்தாள்.